மெகாடெத் இத்தனை முறை உடைந்தது கோபத்தாலா, உரிமைச் சண்டையாலா?

ரிதம்கை:

அமெரிக்க மெட்டல் பேண்ட் மெகாடெத் என்ற பேரை எடுத்தாலே எல்லாரும் ஒரே வரியில் கதையை முடித்துவிடுகிறார்கள்: அதைத் தொடங்கிப் பாடி கிட்டார் வாசிக்கும் டேவ் மஸ்டேன் முன்கோபி, யாரோடும் ஒத்துப்போக மாட்டார், அதனால்தான் அந்த பேண்டில் ஆள் தங்கவில்லை. முன்கோபி என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் கோபதாபம் இல்லாத மெட்டல் பேண்ட் எங்கே இருக்கிறது? ஸ்லேயரை விட்டு டேவ் லொம்பார்டோ திரும்பத் திரும்பப் போனார். செபுல்டுரா 'ரூட்ஸ்' ஆல்பம் வெளியிட்ட அதே 1996ல் மேக்ஸ் கவலெராவை இழந்தது. அங்கெல்லாம் ஒரே ஆளின் குணத்தை வைத்து மொத்த வரலாற்றையும் யாரும் எழுதுவதில்லை.

என் கட்சி இதுதான். மெகாடெத்தின் பெரிய சண்டைகள் பெரும்பாலும் "இந்த பேண்ட் யாருடையது" என்ற ஒரே கேள்வியைச் சுற்றித்தான் நடந்தன, அந்தக் கேள்வி மெகாடெத் தொடங்குவதற்கு முன்பே பிறந்துவிட்டது.

1983 ஏப்ரல் 11. முதல் ஆல்பத்தைப் பதிவு செய்ய, அப்போது மஸ்டேன் கிட்டார் வாசித்த மெட்டாலிகா கலிஃபோர்னியாவிலிருந்து நியூயார்க் வந்திருக்கிறது. காலையில் மஸ்டேனைத் தூக்கத்திலிருந்து எழுப்பி, இனி நீ பேண்டில் இல்லை என்று சொல்லி, லாஸ் ஏஞ்சலஸுக்கு பஸ் டிக்கெட்டைக் கையில் கொடுத்துவிட்டார்கள். குடியும் அடிதடியும்தான் காரணம், அவர் பக்கம் தப்பு இருந்தது, சரி. ஆனால் கடைசி எச்சரிக்கை என்று ஒன்று இல்லை, இன்னொரு வாய்ப்பும் இல்லை. நாட்டின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நான்கு நாள் பஸ்ஸில் உட்கார்ந்து போனார். அதன் பிறகு வந்த 'கில் எம் ஆல்' ஆல்பத்தில் நான்கு பாட்டுகளில் அவர் பேர் இருக்கிறது, அடுத்து 1984ல் வந்த 'ரைட் த லைட்னிங்'கில் இரண்டில் இருக்கிறது. ஆள் வேண்டாம், அவர் போட்ட ரிஃப் (பாட்டைத் தாங்கும் கிட்டார் வரி) மட்டும் வேண்டும் என்றால் இருபத்திரண்டு வயதுப் பையனுக்கு எப்படி இருக்கும்!

அந்தப் பயணத்தில்தான் செனட்டர் ஆலன் கிரான்ஸ்டனின் அணு ஆயுத எதிர்ப்பு நோட்டீஸ் ஒன்றின் பின்பக்கத்தில் பாட்டு வரிகள் எழுதினார். பேண்டின் பேர் அந்த நோட்டீஸில் இருந்த ஒரு சொல்லிலிருந்து வந்தது. இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்த கதை. எனக்குத் தோன்றுவது, அதே பஸ்ஸில் இன்னொன்றும் முடிவாகியிருக்க வேண்டும்: அடுத்த பேண்டிலிருந்து என்னை யாராலும் வெளியே அனுப்ப முடியக்கூடாது. அந்த முடிவை வைத்துக்கொண்டு அடுத்த நாற்பது வருடத்தைப் பாருங்கள், பேண்ட் கலைந்த 2002ம், வழக்கு வந்த 2004ம், பேஸ் வாசிப்பவர் நீக்கப்பட்ட 2021ம் வேறு மாதிரி தெரியும்.


டபுள்பேஸ்:

நல்ல பதிவு, ஆனால் நீங்கள் போதையை ஓரமாகத் தள்ளிவிட்டீர்கள். பேண்ட் யாருடையது என்ற கேள்வி வருவதற்கு முன்னால் பேண்ட் மறுநாள் காலையில் எழுந்து நிற்குமா என்ற கேள்வி இருந்தது.

முதல் ஆல்பம் 'கில்லிங் இஸ் மை பிசினஸ்', 1985. கம்பெனி கொடுத்தது 8,000 டாலர். அதில் பெரும்பகுதி போதைக்கும் குடிக்கும் சாப்பாட்டுக்கும் போய்விட்டது, தயாரிப்பாளரை அனுப்பிவிட்டுத் தாங்களே பதிவு செய்தார்கள். அந்த ஆல்பத்தைக் கேட்டால் பணம் எங்கே தீர்ந்தது என்று காதுக்கே தெரியும். அட்டைப்படத்துக்குக் கொடுத்த மூல ஓவியத்தையும் கம்பெனி தொலைத்துவிட்டு ஏதோ ஒரு பிளாஸ்டிக் மண்டையோட்டைப் படம் எடுத்துப் போட்டது. 2002ல் மறுவெளியீடு வரும்வரை அந்த அட்டைதான்.

அப்புறம் 1986ல் 'பீஸ் செல்ஸ்'. கிட்டார் வாசித்த கிறிஸ் போலண்டும் ட்ரம்ஸ் வாசித்த கார் சாமுவெல்சனும் ஜாஸ் பக்கமிருந்து வந்தவர்கள், அந்த ஆல்பத்தில் த்ராஷ் என்ற அந்த வேக மெட்டலுக்குள் ஒரு ஸ்விங் இருக்கிறதே, அது சாமுவெல்சன் வாசிப்பு. நான் ட்ரம்ஸ் வாசிக்கிறவன், சொல்கிறேன், அந்தக் காலத்தில் ஹை ஹாட் என்ற ஜோடித் தாளத்தட்டை அப்படித் தளர்த்தி வாசித்த இன்னொரு த்ராஷ் ட்ரம்மர் என் காதுக்குக் கிடைக்கவில்லை. அந்த இருவரையும் 1987ல் அனுப்ப வேண்டியதாயிற்று. காரணம் ஹெராயின். பேண்டின் சாமான்களே விற்கப்பட்டதாக மஸ்டேன் தரப்பு சொன்னது. அடுத்து வந்த ட்ரம்மர் சக் பெலரும் கிட்டாரிஸ்ட் ஜெஃப் யங்கும் ஒரே ஆல்பத்தோடு போனார்கள். 1990ல் போதையில் வண்டி ஓட்டிப் போய் நின்றுகொண்டிருந்த காரில் மோதினார் மஸ்டேன், அதில் இருந்தவர் பணியில் இல்லாத ஒரு போலீஸ்காரர். அதற்குப் பிறகுதான் மறுவாழ்வு சிகிச்சை, அதற்குப் பிறகுதான் 'ரஸ்ட் இன் பீஸ்'.

இதில் உரிமைச் சண்டை எங்கே இருக்கிறது? நான்கு இளைஞர்கள் செத்துப்போகாமல் இருந்ததே பெரிய விஷயம்.


நான்காம்_தந்தி:

இரண்டு பேரும் பேஸ் வாசித்த டேவிட் எல்லெஃப்சனை மறந்துவிட்டீர்கள். எல்லா லைன்அப்பிலும், எல்லாப் போதையிலும், 2002 வரைக்கும் மஸ்டேன் பக்கத்தில் நின்ற ஒரே ஆள்.

மினசோட்டாவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்கு வந்த பையன். மஸ்டேன் குடியிருந்த அதே கட்டடத்தில் கீழ்வீடு. காலையில் வான் ஹேலன் பாட்டின் பேஸ் வரியைச் சத்தமாக வாசித்துப் பழகிக்கொண்டிருக்கிறார், மேலே தலைவலியோடு படுத்திருந்த மஸ்டேன் பூந்தொட்டியைத் தூக்கிப் போட்டார் என்று இருவருமே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்கள். அப்புறம் அந்தப் பையன் மேலே வந்து கதவைத் தட்டி சிகரெட் கேட்க, பேச்சு ஆரம்பித்து பேண்டில் முடிந்தது.

'பீஸ் செல்ஸ்' பாட்டின் தொடக்க பேஸ் ரிஃப்பை எம்டிவி தன் செய்தி நிகழ்ச்சிக்கு முகப்பு இசையாக வருடக்கணக்கில் போட்டது. மெட்டல் பக்கமே வராதவர்களுக்கும் அந்தச் சில நொடிகள் தெரியும். அந்த ரிஃப் என்னுடையது என்கிறார் மஸ்டேன், அதை வாசித்த விரல்கள் எல்லெஃப்சனுடையவை. ஒரு பேண்டில் எழுதியவர் பங்கு எவ்வளவு, வாசித்தவர் பங்கு எவ்வளவு? நாங்கள் பேஸ் வாசிப்பவர்கள் காலம் காலமாகக் கேட்கிற கேள்வி இது. டபுள்பேஸ் ப்ரோ, உரிமைச் சண்டை எங்கே என்று கேட்டீர்களே, இங்கே தொடங்குங்கள்.


புதுக்காது:

நான் 2016ல் வந்த 'டிஸ்டோபியா' ஆல்பம் வழியாக இப்போதுதான் உள்ளே வந்தவன். 2002ல் பேண்டே கலைந்தது என்று படித்தேன், மஸ்டேனுக்குக் கை போய்விட்டது என்கிறார்கள். விபத்தா? கை போனவர் 2016ல் எப்படி அப்படி வாசிக்கிறார்?


ரிதம்கை:

விபத்து மாதிரி பெரிதாக எதுவும் இல்லை, அதுதான் கொடுமை. 2002 ஜனவரியில் சிறுநீரகக் கல்லுக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். அங்கே கொடுத்த வலி மருந்து பழைய பழக்கத்தைக் கிளப்பிவிட்டது, டெக்சாஸில் ஒரு மறுவாழ்வு மையத்தில் சேர்ந்தார். அங்கே ஒரு நாள் நாற்காலியின் முதுகுப்பலகை மேல் இடது கையைப் போட்டபடி தூங்கிவிட்டார். எழுந்தபோது கை மரத்திருந்தது, உணர்வு திரும்பவில்லை. மேல்கையில் ரேடியல் நரம்பு அழுந்திவிட்டது. ஏப்ரலில் மெகாடெத் கலைந்தது என்று அறிவிப்பு வந்தது.

கிட்டார் வாசிக்காதவர்களுக்கு இது ஏன் அவ்வளவு பெரிய அடி என்று புரிய ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ரேடியல் நரம்பு விரலை மடக்குவதற்கு இல்லை, மணிக்கட்டையும் விரலையும் நிமிர்த்துவதற்கு. அது போனால் கை மணிக்கட்டில் அப்படியே தொங்கும். மடக்கத்தான் முடிகிறதே, தந்தியை அழுத்தலாமே என்று தோன்றும். இரண்டு சிக்கல் இருக்கிறது. முதலாவது, மணிக்கட்டு நிமிர்ந்து நிற்கவில்லை என்றால் பிடிக்கு வலுவே வராது. இப்போதே மணிக்கட்டைக் கீழே தொங்கவிட்டு முஷ்டியை இறுக்கிப் பாருங்கள், தெரியும். இரண்டாவது, தந்தியை அழுத்துவது பாதி வேலைதான், அடுத்த சுரத்துக்குப் போக விரல் நேரத்துக்கு எழும்ப வேண்டும், எழும்பாத விரல் அடுத்த சுரத்தை அடைத்துவிடும்.

இதை மஸ்டேன் வாசிப்போடு சேர்த்துப் பாருங்கள். கையை நகர்த்தாமல் விரல் ஜோடிகளை மட்டும் மாற்றி மாற்றி வேறு வேறு தந்திகளில் பவர் கார்டு (இரண்டு சுரம் சேர்ந்த கார்டு) பிடிக்கும் அவருடைய முறைக்கு ஸ்பைடர் கார்டு என்று பேர். 'வேக் அப் டெட்' மாதிரி பாட்டுகள் அதில்தான் ஓடுகின்றன. ஒரு ஜோடி இறங்கும்போது மற்ற ஜோடி எழும்ப வேண்டும், அதுவும் அந்த வேகத்தில், அதோடு பாடிக்கொண்டு. நரம்பு எதை எடுத்துக்கொண்டதோ அதன் மேல்தான் அந்த வாசிப்பு முழுக்க நின்றது. மாதக்கணக்கில் பிசியோதெரபி எடுத்து, இடது கைக்கு வாசிப்பை முதலிலிருந்து சொல்லிக் கொடுத்துத்தான் திரும்ப வந்தார். கோபம் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தப் பிடிவாதத்தையும் பேச வேண்டும். இரண்டும் ஒரே ஆளிடமிருந்து வந்தவைதான்.


டபுள்பேஸ்:

இந்தப் பிடிவாதத்தைப் பற்றி எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அதே ஆள் அடுத்தவர் உடம்புக்கு அடிபட்டபோது எப்படி நடந்துகொண்டார் என்றும் கேட்கத்தான் வேண்டும்.

நிக் மென்சா. சக் பெலருக்கு ட்ரம் டெக்னீஷியனாக வந்து, பின்னால் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தவர். 'ரஸ்ட் இன் பீஸ்', 'கவுண்ட்டவுன்', 'யூத்தனேசியா', 'கிரிப்டிக் ரைட்டிங்ஸ்' நான்கிலும் அவர்தான். 1998ல் டூர் நடுவில் முழங்காலில் கட்டி, அறுவை சிகிச்சைக்குப் போனார், புற்றுநோய் இல்லை என்று தெரிந்தது. தற்காலிகமாக ஜிம்மி டிக்ராசோ வந்தார், தற்காலிகம் நிரந்தரமானது. ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே போன் வந்தது, இனி நீ தேவையில்லை என்றார்கள் என்று மென்சா பல முறை சொல்லியிருக்கிறார். பஸ் டிக்கெட்டை மறக்க முடியாதவர் இந்தப் போனைச் செய்தார் என்பதுதான் எனக்கு ஆறவே ஆறாத விஷயம்.

2004ல் மறுபடி கூப்பிட்டார்கள், ஒத்திகை வரைக்கும் வந்தார், டூருக்கு உடம்பு தயாராக இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள், ஷான் டிரோவர் வந்தார். 2016 மே மாதம் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு சின்ன கிளப் மேடையில் வாசித்துக்கொண்டிருக்கும்போதே இதயம் நின்று மென்சா இறந்தார், 51 வயது. அன்றைக்கு அவர் வாசித்தது ஓம் என்ற பேண்டில், அது கிறிஸ் போலண்டின் பேண்ட். மெகாடெத்திலிருந்து வெளியே போன இரண்டு பேர் ஒரே மேடையில். நான் இதைப் படித்த அன்று 'டொர்னாடோ ஆஃப் சோல்ஸ்' போட்டுவிட்டுப் பாதியில் நிறுத்திவிட்டேன்.


நான்காம்_தந்தி:

சரி, 2004 என்று வந்துவிட்டதால் அதை முழுசாகப் பேசிவிடலாம், ரிதம்கை சொன்ன "யாருடையது" கேள்வி காகிதத்தில் எழுதப்பட்ட இடம் அதுதான்.

கை சரியானதும் மஸ்டேன் ஒரு தனி ஆல்பம் செய்யத்தான் கிளம்பினார். ஸ்டுடியோ ஆட்களை வைத்துப் பதிவு நடந்தது. ட்ரம்ஸ் வின்னி கொலயூட்டா, சோலோக்களுக்கு, நம்புங்கள், கிறிஸ் போலண்ட். ஆனால் பழைய ஒப்பந்தப்படி இன்னும் ஒரு மெகாடெத் ஆல்பம் கம்பெனிக்குத் தர வேண்டியிருந்தது. அதனால் 'தி சிஸ்டம் ஹாஸ் ஃபெயில்ட்' மெகாடெத் பேரில் வந்தது. பழைய ஆட்களைக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். தொண்ணூறுகளில் கிட்டார் வாசித்த மார்ட்டி ஃப்ரீட்மேனோடும் எல்லெஃப்சனோடும் நிபந்தனைகள் ஒத்துவரவில்லை.

2004 ஜூலையில் எல்லெஃப்சன் வழக்குப் போட்டார், 1.85 கோடி டாலர் கேட்டு. லாபத்தில் தனக்கு வர வேண்டியது வரவில்லை என்பது ஒரு புகார். 2002ல் பேண்ட் கலைந்தபோது மெகாடெத் நிறுவனத்தைத் தன்னிடம் ஒப்படைப்பதாகப் பேசியதிலிருந்து மஸ்டேன் பின்வாங்கிவிட்டார் என்பது இன்னொன்று. மஸ்டேன் பதில் வழக்குப் போட்டார். 2005 தொடக்கத்தில் எல்லெஃப்சனின் வழக்கு தள்ளுபடியானது.

இருபது வருடம் ஒரே பஸ்ஸில் தூங்கியவர்கள். ஒருவருக்கு அது தான் கட்டிய வீடு, இன்னொருவருக்கு இருவரும் சேர்ந்து கட்டிய வீடு. பத்திரம் யார் பேரில் என்று கோர்ட் சொல்லிவிடும், மனசுக்கு அது போதாது. நீதிமன்றம் சொன்னது சட்டப்படி சரியாகவே இருக்கட்டும், 1983லிருந்து கூட நின்ற ஆளுக்கு ஒரு பேச்சுவார்த்தை மேசையாவது கிடைத்திருக்க வேண்டும் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அந்த வருடங்களில் எல்லெஃப்சன் ஒரு ஆம்ப்ளிஃபயர் கம்பெனியில் வேலை பார்த்தார், கலைஞர்களைக் கவனிக்கும் பிரிவில்.


பழைய_கேசட்:

இங்கே எல்லாரும் ஆட்களைப் பற்றியே பேசுகிறீர்கள். வெளியிலிருந்து வந்த அடிகளும் உண்டு, அதில் சிலவற்றை அவர்களே இழுத்து விட்டுக்கொண்டார்கள்.

1988ல் வட அயர்லாந்தில் ஆன்ட்ரிம் என்ற ஊரில் கச்சேரி. அங்கே சமய அடிப்படையில் ரத்தம் சிந்திக்கொண்டிருந்த காலம். அங்கே பனியன் விற்பது ஏதோ "லட்சியத்துக்காக" என்று காதில் விழுந்ததை, அதன் பொருள் என்ன என்று சரியாகத் தெரியாமலே, மேடையில் போதையோடு மைக்கில் சொல்லி ஒரு பாட்டை அதற்கே அர்ப்பணித்தார் மஸ்டேன். கூட்டம் இரண்டாகப் பிரிந்து அடித்துக்கொண்டது. பேண்டைக் குண்டு துளைக்காத பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார்கள். 'ஹோலி வார்ஸ்' அந்த இரவிலிருந்து பிறந்த பாட்டு. முதல் ரிஃப்பின் அந்த அவசரத்துக்கு அந்த இரவுதான் காரணம் என்று நான் நம்புகிறேன்.

1992ல் 'கவுண்ட்டவுன் டு எக்ஸ்டிங்ஷன்' அமெரிக்கப் பட்டியலில் 2ம் இடம் வரைக்கும் போனது. முதல் இடத்தில் பில்லி ரே சைரஸின் கன்ட்ரி ஆல்பம். அதற்கு அடுத்த வருடமே ஜப்பானில் புடோகான் அரங்கில் வாசிக்க இருந்தது, மஸ்டேன் மாத்திரைகளை அளவுக்கு மீறிப் போட்டு உயிருக்கே ஆபத்தாகி டூர் ரத்தானது. எந்த இசைக்காரருக்கும் புடோகான் என்பது கனவு மேடை, கைக்கு வந்து நழுவியது.

'ரிஸ்க்' ஆல்பம் பற்றியும் ஒரு வார்த்தை. 1999. மெட்டாலிகாவின் லார்ஸ் உல்ரிக் ஒரு பேட்டியில் மஸ்டேன் இன்னும் கொஞ்சம் துணிய வேண்டும் என்று சொன்னதுதான் அந்தப் பேருக்கே காரணம். 1983ல் தன்னை அனுப்பிய ஆளின் ஒரு வரி, பதினாறு வருடம் கழித்தும் ஒரு ஆல்பத்தின் திசையைத் திருப்புகிறது! எனக்கு அந்த ஆல்பத்தில் இரண்டு மூன்று பாட்டு பிடிக்கும். ஆனால் த்ராஷ் கேட்க வந்தவர்களுக்கு அது பெரிய ஏமாற்றம், விற்பனையும் விழுந்தது, மார்ட்டி ஃப்ரீட்மேன் 2000 ஜனவரியில் விலகினார்.


ரிதம்கை:

பழைய_கேசட் அண்ணா, லார்ஸ் விஷயம் நான் சொல்ல வந்ததற்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது. மெட்டாலிகா பற்றிய 'சம் கைண்ட் ஆஃப் மான்ஸ்டர்' ஆவணப்படத்தில் ஒரு காட்சி வரும். 2001 செப்டம்பரில் ஒரு சிகிச்சையாளர் உட்கார்ந்திருக்க, லார்ஸும் மஸ்டேனும் எதிரெதிரே. கோடிக்கணக்கில் ஆல்பம் விற்ற மனிதர், எப்போதும் இரண்டாம் இடம்தான் என்று கண் கலங்குகிறார். அன்றைக்கு ஏன் என்னை எழுப்பி, குடியை நிறுத்து என்று சொல்லவில்லை என்ற மாதிரி கேட்கிறார். பதில் சொல்ல லார்ஸுக்கு வார்த்தை வரவில்லை. அந்தக் காட்சியைப் படத்தில் சேர்த்ததே மஸ்டேனுக்குப் பிடிக்கவில்லை.

ஒன்று கவனியுங்கள். அடுத்த வருடமே கை போய், பேண்ட் கலைந்து, அதற்கு அடுத்துச் சொந்த பேஸ் வாசிப்பாளரோடு வழக்கு. தன்னிடம் ஒரு எச்சரிக்கை கூட இல்லாமல் நடந்துகொண்டார்கள் என்று அழுதவர், தன் ஆட்களிடம் எப்படி நடந்துகொண்டார் என்று டபுள்பேஸ் கேட்டது நியாயமான கேள்வி. என் பதில், அவர் முதல் பேண்டில் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்: கையில் உரிமை இருப்பவன் மிஞ்சுவான். அதை நியாயம் என்று நான் சொல்லவில்லை. மென்சா விஷயத்தில் அது அநியாயம்.


டபுள்பேஸ்:

இந்த அளவுக்கு வந்துவிட்டீர்கள் என்றால் நமக்குள் சண்டை கொஞ்சம்தான் மிச்சம். போதை இல்லாமல் இருந்திருந்தால் முதல் பத்து வருடத்து விலகல்களில் பாதி நடந்தே இருக்காது என்பதை மட்டும் நான் விடமாட்டேன்.


நான்காம்_தந்தி:

2010ஐயும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் மொத்தமும் இருட்டாகத் தெரியும். 'ரஸ்ட் இன் பீஸ்' இருபதாம் ஆண்டு டூருக்கு முன்னால், பேஸ் இடம் காலியாகிறது, நீயும் டேவும் பேச வேண்டும் என்றால் இதுதான் நேரம் என்று ஷான் டிரோவர் எல்லெஃப்சனுக்குச் செய்தி அனுப்பினார். வழக்குப் போட்டவரும் வழக்கில் நின்றவரும் மறுபடி ஒரே மேடை ஏறினார்கள். அதே வருடம் ஜூனில் வார்சாவில் மெட்டாலிகா, ஸ்லேயர், மெகாடெத், ஆந்த்ராக்ஸ் நான்கும் முதல் முறையாக ஒரே நாளில் வாசித்தன. சோஃபியா கச்சேரியில் எல்லாரும் சேர்ந்து ஒரே பாட்டை வாசிக்கும்போது மஸ்டேனும் மெட்டாலிகாவின் பாடகர் ஹெட்ஃபீல்டும் கட்டிப்பிடித்துக்கொள்ளும் வீடியோ இருக்கிறது, பாருங்கள். 'டிஸ்டோபியா' பாட்டுக்கு 2017ல் கிராமி கிடைத்தது. மஸ்டேனுக்கு 2019ல் தொண்டைப் புற்றுநோய் வந்தது, 51 கதிர்வீச்சும் 9 கீமோவும் எடுத்து மீண்டார். அப்போதும் எல்லெஃப்சன் பேண்டில்தான் இருந்தார்.

2021 மே மாதம் எல்லெஃப்சனின் தனிப்பட்ட வீடியோ ஒன்று வெளியே கசிந்து பெரிய சர்ச்சையானது, பேண்டிலிருந்து நீக்கப்பட்டார். நீக்கியது சரியா தவறா என்று நான் இங்கே பேச வரவில்லை. என்னை உறுத்துவது அடுத்து நடந்தது. வரவிருந்த ஆல்பத்துக்கு அவர் பேஸ் முழுக்கப் பதிவாகி இருந்தது. அதை எடுத்துவிட்டு ஸ்டீவ் டிஜார்ஜியோவை வைத்து மறுபடி பதிவு செய்தார்கள். 2022ல் வந்த ஆல்பத்தில் எல்லெஃப்சனின் ஒரு சுரம் கூட இல்லை.

ஆல்பம் பதிவு என்றால் பேஸ் வாசிப்பவர் ட்ரம்ஸின் கிக்கோடு ஒட்டி உட்கார்ந்துதான் எல்லாம் மேலே ஏறும். கிட்டாரும் குரலும் அந்தப் பேஸைக் கேட்டு வாசித்தவை. பேஸை மட்டும் உருவி எடுத்தாலும் மற்றவர்கள் அவரோடு சேர்ந்து மூச்சுவிட்ட இடங்கள் அப்படியேதான் இருக்கும். டிஜார்ஜியோ பிரமாதமாக வாசித்திருக்கிறார், அவர் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. 2004ல் பழைய ஆல்பங்களை ரீமிக்ஸ் செய்தபோதும் இதே மனநிலைதான், சில இடங்களில் பழைய குரலுக்குப் பதில் புதிதாகப் பாடிச் சேர்த்தார் மஸ்டேன். நாடா என்னுடையது, மாற்றுவேன். ரசிகர்கள் 'ரஸ்ட் இன் பீஸ்' ஆல்பத்தின் 1990ல் வந்த மூலப் பதிவைத் தேடி அலைகிறார்கள்.


பழைய_கேசட்:

மூலப் பதிவே போதும் என்பவன் நானும்.

ஆனால் புடோகான் கதையை முடித்துவிடுகிறேன். 2023 பிப்ரவரி 27. நழுவிப்போய் முப்பது வருடம் கழித்து மெகாடெத் புடோகானில் வாசித்தது. ஜப்பானிலேயே குடியேறிவிட்ட மார்ட்டி ஃப்ரீட்மேன் மேடைக்கு வந்து சில பாட்டுகள் வாசித்தார். 'டொர்னாடோ ஆஃப் சோல்ஸ்' சோலோவை அவர் கையால் மெகாடெத் மேடையில் கேட்பதற்கு இருபது வருடத்துக்கு மேல் காத்திருந்தவர்கள் அந்த அரங்கில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! அந்த வீடியோவில் மஸ்டேன் முகத்தைப் பாருங்கள், அதில் கோபக்காரரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.


டபுள்பேஸ்:

2025 ஆகஸ்டில் கடைசி ஆல்பம், விடைபெறும் டூர் என்று அறிவித்தார்களே, அதில் 'ரைட் த லைட்னிங்' பாட்டைத் தானே பாடி வாசிக்கிறார் என்று வந்தபோது பாதிப் பேர் கிண்டல் செய்தார்கள், இன்னும் மறக்கவில்லையா என்று. எனக்கு அது கிண்டல் செய்கிற விஷயமாகப் படவில்லை. அதை எழுதிய நான்கு பேரில் அவரும் ஒருவர். எழுதியவர் ஒரு முறையாவது பதிவு செய்யட்டுமே. ரிதம்கை கட்சிக்கு இது ஒரு ஓட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.


புதுக்காது:

இவ்வளவு படித்த பிறகு எங்கிருந்து கேட்க ஆரம்பிப்பது? வரிசையாகவா?


ரிதம்கை:

வரிசை வேண்டாம். முதலில் மெட்டாலிகாவின் 'தி ஃபோர் ஹார்ஸ்மென்', உடனே மெகாடெத்தின் 'மெக்கானிக்ஸ்'. இரண்டும் ஒரே பாட்டு, மஸ்டேன் எழுதியது. அவர்கள் வரிகளை மாற்றி, வேகத்தைக் குறைத்து, நடுவில் ஒரு மெல்லிய பகுதி சேர்த்தார்கள், இவர் பழைய வரிகளோடு இன்னும் வேகமாக வாசித்தார். எந்த இடத்தில் இரண்டும் பிரிகின்றன என்று காது வைத்துக் கேளுங்கள், இங்கே நாங்கள் பேசியதில் பாதி அதிலேயே இருக்கிறது. 'மெக்கானிக்ஸ்' மட்டும் 2018ல் வந்த ரீமிக்ஸில் கேளுங்கள், 1985 பதிவில் கார் சாமுவெல்சனின் ட்ரம்ஸ் சரியாகக் கேட்காது. அப்புறம் 'பீஸ் செல்ஸ்', அப்புறம் 'ரஸ்ட் இன் பீஸ்', அது 1990 பதிவு. கேட்டுவிட்டு எழுதுங்கள்.